கார்புரேட்டர் கைராசி

“இன்னா சார், மறுபடியும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்துகிறே?”

மெக்கானிக் தேசிங்கு, முகுந்தன் ஓட்டி வந்த காரைக் கவலையோடு பார்த்தான். முகுந்தனின் மாமா ஜப்பானிலிருந்து அனுப்பிய ரோட்டரி என்ஜின் ஸ்போர்ட்ஸ் கார் அது. பிஸ்டனுக்குப் பதில் உள்ளே ஒரு முக்கோணம் சுழலும். முகுந்தன் சோழவரம் கார்ப் பந்தயத்துக்குத்தான் தயாராகிறான் என்று மந்தைவெளியே பேசிக்கொண்டது. இதில் சொதப்பினால் தேசிங்கு பழையபடி ஸ்கூட்டரைக் குடைய வேண்டியதுதான்.

“மூணு தபா கார்புரேட்டர மாத்தி செஞ்சு குட்த்துட்டேன். ஓடலியா?”

“ஓடுது.”

“இருமுதா?”

“இல்லப்பா. வெண்ணெய் மாதிரி வழுக்கிண்டு போறது” என்றான் முகுந்தன், அழாத குறையாக.

“இதுக்கு மேல ஸ்பீடு வோணும்னா ராக்கெட்டுதான் வாங்கணும் சார்!”

“ஸ்பீடு யாரு கேட்டா? ஆழ்வார்பேட்டையில ஒரு மஞ்சள் கேட் வீடு இருக்கு. அந்த வாசல்ல நான் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்ததும் வண்டி இருமி, குலுங்கி, நின்னுடணும். சத்தம் கேட்டு ரத்னா வெளியில வரணும்.”

“நீயே சாவிய திருப்பி நிறுத்திக்கலாமே சார்?”

“நிறுத்தினேன். அவ அப்பா வந்து, ‘சாவியைத் திருப்புங்கோ, கிளம்பிடும்’னுட்டார்.”

தேசிங்குவின் முகம் மலர்ந்தது. தோளில் கிடந்த கரித்துணியை உதறிக்கொண்டு எழுந்தான்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா நைனா? இருவது வருசமா நான் கை வெச்ச வண்டி அல்லாம் அப்டித்தான் நின்னுச்சு. ஓடுனது இது ஒண்ணுதான்!”