எமன் சீண்டாத பெயர்

கானா நாட்டுக் கம்பெனியில் அன்று வேலைக்குச் சேர்ந்த கௌசிக்குக்குத் தலைமைப் பொறியாளர் கை கொடுத்தார்.

"நான் சுமினா. எங்க அகான் மொழியில குப்பைமேடுன்னு அர்த்தம். எனக்கு முன்னால பொறந்த பிள்ளைங்க தங்கல. இதையாவது சாவு சீண்டாம போகட்டும்னு அம்மா வெச்ச பேர்." பெருமையாகச் சிரித்தார். "உங்க பேர்?"

கௌசிக் என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். மூத்த பிள்ளைகள் தங்காமல், அவனையும் குப்பையில் புரட்டியெடுத்துத்தான் குப்பன் என்று பெயரிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் போட வெட்கப்பட்டு மாற்றிக்கொண்டான். அன்றிலிருந்து அம்மா தினமும் போனில், "உடம்புக்கு ஒண்ணுமில்லையேய்யா?" என்பாள். நச்சரிக்காதே என்று எரிந்து விழுவான்.

இப்போதும் போன் அடித்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையேய்யா?"

சுமினாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டான்.

"ஒண்ணுமில்லம்மா," என்றான். "குப்பன்தான் பேசுறேன்."