வடக்குத் தாளில் விழுந்த சாவு

கையில் ரோஜா மாலையோடு ஞானம் குப்பத்துக்குள் சாவு வீட்டைத் தேடிக்கொண்டிருந்தான். பந்தல் இல்லை, மேளம் இல்லை, எந்த வாசலிலும் ஒரு நாற்காலிகூட இல்லை.

வலைக்கொட்டகையில்தான் அவனுடைய பைபர் படகில் வேலை செய்யும் மூன்று பேரும் இருந்தார்கள். தலைமுழுகிவிட்டு, ஈரம் காயாமல் தரையில் குந்தியிருந்தார்கள்.

"இன்னாடா உதயா, சாவு விழுந்துச்சு, படகு எடுக்க மாட்டோம்னு போன் போட்டே. காலடிப்பேட்டையிலேந்து மாலை வாங்கினு ஓடியாறேன். பொணம் எங்க?"

உதயா தரையைக் காட்டினான். அட்டையில் ஒட்டிய பெரிய வரைபடம் ஒன்று கிடந்தது. அதன்மேல் சின்னச் சின்ன மரக்காய்கள் நின்றன. ஒன்று மட்டும் படுத்திருந்தது.

ஞானம் மாலையை வலைக் குவியல்மேல் விட்டெறிந்தான்.

அது, வரைபடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதயாவின் தங்கை வினிதா உண்டாக்கிய விளையாட்டு. புயல் என்று கடலுக்குப் போக விடாத நாட்களில் தொடங்கியது. ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, கதையை வாயாலேயே நடத்துவார்கள். அந்த ஊரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஜின்கள் வேலை பார்க்கும். டிராம் வண்டியை முனி ஓட்டும். பழைய வால்வு ரேடியோவில் பேய் செய்தி வாசிக்கும்.

இத்தனை நாள் அந்த ஊர் ஆற்று முகத்துவாரத்தோடு முடிந்துபோயிருந்தது. நேற்று இரவுதான் வினிதா வடக்கே ஒரு புதுத் தாளை ஒட்டினாள். அதில் ஒரு குப்பம். குப்பத்துக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகளோடு சாம்பல் ராஜா.

"ஒட்டின அன்னிக்கே ஒரு உசிரு பூட்ச்சுண்ணே," என்றான் உதயா. "சாம்பல் ராஜா ரேடியோவுல சொன்னான், பொழுது சாயறதுக்குள்ள குப்பத்தைக் காலி பண்ணுங்க, லிப்ட் வெச்ச வூடு தரேன்னு. நாங்கள்லாம் டிராம் ஏறிட்டோம். கம்பிவலைக்காரன் மட்டும் ஏறல. டெலிபோன் கம்பியில பின்னுன வலைய வெச்சிக்கினு ஒத்தையா நின்னான். கட்டை உருட்டுனா ஒண்ணுதான் வுழுந்துச்சு."

"அட்டையில செத்தவனுக்குத் துக்கமா? பொட்டியில ஐஸ் உருகிக்கினு கீது, தலைமுழுகிட்டு குந்திக்கினு கீறீங்க!"

"சாவு விழுந்தா அன்னிக்கு எவனும் கடல்ல இறங்க மாட்டான். நம்ம குப்பத்து வழக்கம். வடக்குத் தாள்லயும் அதையேதான் வெச்சிக்கீறா வினிதா."

"அது அந்தக் குப்பத்துக்குடா, கய்தே!"

"குப்பம்னா குப்பம்தான்ணே."

ஞானம் வினிதாவிடம் திரும்பினான். "நீ கட்டின கதைதானேம்மா? சாவல, மயக்கம்னு சொல்லி எழுப்பி வுட்டுடு. பேஜாரு தீந்துது."

"எழுப்ப மாட்டேன்ணே," என்றாள் அவள். "எழுப்புனா அவன் நின்னதே பொய்யாப் பூடும்."

"அப்ப மூணு பேரும் என் படகை மறந்துடுங்க. வெளியூர் ஆளுங்கள ஏத்திக்கினு நான் போறேன்."

உதயாவுக்கு முகம் வெளுத்தது. மூன்று வீட்டிலும் அடுப்பெரிவது அந்தப் படகால்தான். ஆனாலும் ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

"நாட்டாரு வரட்டும்ணே. அவரு இல்லாம இத்தப் பேசக்கூடாது," என்றான் உதயா.

நாட்டார் பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். குப்பத்துப் பஞ்சாயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். யாரையும் நம்பாதவர். கம்பெனிக்காரன் காலண்டர் கொடுத்தால்கூட, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது படிக்கச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்.

ஞானத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. கிழவர் கொட்டகையையே பிரித்துப் போடுவார் என்று நினைத்தான்.

"நீங்களே கேளுங்க நாட்டாரே. எவனோ பைத்தியக்காரன், எல்லாரும் ஓடச் சொல்லியும் ஓடாம, சாம்பல் ராஜாவாண்ட வீம்பு பண்ணி..."

"ஓடச் சொன்னா ஓடிடணுமா?"

கிழவர் போட்ட சத்தத்தில் கொட்டகைக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து போனது.

"போன மாசம் கம்பெனியிலேந்து சட்டை போட்டுக்கினு ஒருத்தன் வந்து, குப்பத்தைக் காலி பண்ணச் சொன்னான். அவனும் இதே லிப்ட் வூடுதான் சொன்னான். லிப்ட்டுல வலை காயுமா? கடலு லிப்ட்டு ஏறி மேல வருமா?"

"அத்த வுடுங்க. வழக்கத்தைப் பேசுங்க," என்றான் ஞானம். "சாவுன்னா ஒரு வூடு கீது. துக்கம் கேக்க ஒரு ஆளு கீறான். இங்க யாராண்ட போய் நான் துக்கம் கேக்கறது? ஒரு ஆளைக் காட்டுங்க. ஐஸ் மொத்தமும் உருகிப் போவட்டும், வாயைத் தொறக்க மாட்டேன். இவங்களையும் வேலைய வுட்டு நிறுத்த மாட்டேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"கங்கையம்மா மேல சத்தியம்."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தபா சொல்லு."

ஞானம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான்.

பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக்கொண்டு, படுத்திருந்த மரக்காய்க்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப என்னாண்ட கேளு. கம்பிவலைக்காரன் வேஷம் என்னுது. செத்தது நான்தான்."