வானத்திலிருந்து குதித்த சாமி

“யார் பண்ணுன வேலை இது?”

சுபேதார் பரமசிவன் ஸ்கூட்டரை ஸ்டாண்டு கூடப் போடவில்லை. அதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார். கத்தமாட்டாரா பின்னே!

இத்தலார் ரோட்டு வளைவில் நிற்கிற நினைவுக்கல் முழுக்க மஞ்சள். அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். சுற்றிலும் சிவப்புத் துணி. கீழே எலுமிச்சம்பழம், ஊதுபத்தி.

இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதித்தும், கிளைடர் விமானத்தில் வந்து இறங்கியும் செத்துப்போன வீரர்களுக்காக, அதில் மகனைப் பறிகொடுத்த எஸ்டேட் துரை ஒருவர் வைத்த கல் அது. பரமசிவனும் பட்டாளத்தில் பாராசூட் கட்டிக் குதித்தவர்தான். ரிட்டயராகி காந்தலில் வீடு கட்டிய நாளிலிருந்து அந்தக் கல்லுக்கு நாதி அவர் ஒருத்தர்தான். வருவார், பித்தளைத் தகட்டைப் பளபளவென்று தேய்ப்பார், விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். பிறகு பக்கத்துக் கடையில் டீ.

அந்தக் கடைக்காரி சின்னம்மைதான் இப்போது வாயைத் திறந்தாள்.

“நான்தானுங்கய்யா.”

“நீயா? வெக்கமா இல்ல உனக்கு? ரோட்டை அகலம் பண்றாங்கன்னதும், பக்கத்துல கோயில் இருந்தா கடைமேல கை வெக்கமாட்டாங்கன்னு திட்டம் போட்டியாக்கும்!”

“ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். செத்த சிப்பாயை வெச்சா யாவாரம் பண்ணுவ?”

“நல்லாக் கேளுங்க சார்,” என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர். அவருக்கென்ன, டீ கையில் இருக்கிறது.

“இன்னிக்கு ஒரு பொழுது விட்டுருங்கய்யா. நாளைக்கு நானே கழுவி வெச்சுடறேன்,” என்று கெஞ்சினாள் சின்னம்மை.

“ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன். கல்லு பத்திரமா இருக்கும். மனு குடுத்தாச்சு, பெரிய ஆபீசரை நேர்லயே பாத்துச் சொல்லியாச்சு. பட்டாளத்துக்காரன் கல்லை எவன் தொடுவான்? அதுக்கு உன் குங்குமம் ஒண்ணும் தேவையில்ல!”

அவள் வாளியையே எடுத்தார். அவள் தண்ணீரையே ஊற்றினார். துணியை உருவி எறிந்தார். இறக்கை விரித்த பாராசூட் சின்னம் பளிச்சென்று தெரிகிறவரை தேய்த்துவிட்டு சல்யூட் அடித்தபோது, மனுஷருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சல்யூட் அடித்த கை இறங்கவில்லை, வளைவில் ஜேசிபி வந்து நின்றது.

டிரைவர் பாண்டியராஜ் தலையை நீட்டினான். “ஏனுங்க, இங்க ஒரு சாமிக்கல் இருக்குதாமே, எதுங்க அது?”

“சாமியெல்லாம் இல்ல. இது போர் நினைவுச்சின்னம்,” என்றார் பரமசிவன் மிடுக்காக.

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பேத்துடறேன்.”

“என்னது? ஆபீசர் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?”

“சாமிக்கல்லைத் தொடாதேன்னாங்க. மத்ததெல்லாம் எடுத்துடுன்னாங்க. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்.”

பரமசிவன் போனை எடுத்தார். ஆபீசர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ஸ்விட்ச் ஆப்.

ஜேசிபி உறுமிக்கொண்டு கையைத் தூக்கியது.

“நிறுத்துப்பா!” பரமசிவன் ஓடிப்போய்க் கல்லுக்குக் குறுக்கே நின்றார். “சாமிதான்! இது சாமிதான்!”

“இப்பத்தான் இல்லேன்னீங்க?”

“குளிப்பாட்டிட்டு இருந்தேன்யா!”

சின்னம்மை குங்குமச் சிமிழை நீட்டினாள். கோயில் வாசலைக்கூட மிதிக்காத சுபேதார், ஷூவைக் கழற்றிவிட்டு, பாராசூட் சின்னத்துக்குக் கீழே பொட்டு வைத்தார். எறிந்த துணியை அவரே பொறுக்கிக்கொண்டு வந்து கட்டினார்.

“என்ன சாமிங்க?” என்றான் பாண்டியராஜ்.

“வானத்துல இருந்து குதிச்ச சாமி.”

அதில் பொய் ஒன்றும் இல்லையே! பாண்டியராஜ் இறங்கி வந்து, செருப்பை விட்டுவிட்டு, பயபக்தியோடு கும்பிட்டான். திரும்ப ஏறி வண்டியைத் திருப்பினான், நேராகச் சின்னம்மையின் கடைப்பக்கம்.

“ஏய், ஏய்! அது கடைப்பா!”

“தெரியுமுங்க. கல்லுக்குப் பின்னாடி பாறை. கல்லை எடுத்தா ரோட்டோரம் வெட்டுற சாக்கடை நேரா ஓடும், கடை தப்பிக்கும். கல்லு நின்னா சாக்கடை கடை வழியாத்தான் வளையோணும். ரெண்டுல எது நிக்கட்டும்னு காண்ட்ராக்டர் நேத்தே இந்த அக்காகிட்டக் கேட்டாருங்க. சாமி நிக்கட்டும்னு இவங்கதான் சொன்னாங்க.”

சின்னம்மை பாட்டுக்கு பாய்லரை அணைத்து, கிளாஸ்களைக் கோணிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா... உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன். பொழைப்பையே விட்டுட்டயே, எதுக்கும்மா?”

“எனக்கென்னங்கய்யா, ஒரு தள்ளுவண்டி போதும், எங்க வேணா டீ ஆத்துவேன்.” அவள் கல்லைப் பார்த்தாள். “அந்த கிளைடருக்கு எஞ்சின் கெடையாது, எறங்குனா எறங்குனதுதான், திரும்பிப் போக முடியாதுன்னு நீங்கதானே டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லுவீங்க? நாங்களும் சிலோன்ல இருந்து அப்படித்தானுங்க கப்பல் ஏறுனோம். எறங்குன எடத்துல இருந்தும் தொரத்துனா, பாவம், அவங்க எங்கீங்க போவாங்க?”