ஒன்பதாம் பாடம்

லூர்துராணி டீச்சர் எட்டாம் பாடத்தை முடித்துவிட்டு நேராகப் பத்தாம் பாடத்துக்குப் போனார்.

எட்டாம் வகுப்புப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தென்னூரிலிருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் டீச்சரின் சமூகப் பாட வகுப்பு அவ்வளவு கறார். ஜூன் மாதம் முதல் நாளே வருஷத்துக்குரிய பன்னிரண்டு பாடங்களையும் போர்டில் எழுதி, எது எந்த மாதம் முடியும் என்றும் போட்டுவிடுவார். மேப் நோட்டில் ஆற்றுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு. மாறினால் பெஞ்சு மேல் நிற்க வேண்டியதுதான்.

லீடர் ரோசரி எழுந்தாள்.

"டீச்சர், ஒன்பதாவது விட்டுப்போச்சு. அண்டை நாடுகள். பர்மா, இலங்கை."

"விட்டுப்போகல. வேண்டாம்னு வச்சிருக்கேன். உக்காரு."

அது அறுபத்தாறாம் வருஷம், ஜனவரி.

பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் வந்தார். நோட்டுகளைப் புரட்டினார். ஒன்றில்கூட ஒன்பதாம் பாடம் இல்லை. பிள்ளைகள் முன்னாலேயே காரணம் கேட்டார்.

"நேரம் போதலைங்க சார்" என்றார் டீச்சர்.

பன்னிரண்டாம் பாடமே முடியப்போகிற நேரம். அது பொய் என்று வகுப்புக்கே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் 'கடமையில் அலட்சியம்' என்று ரிஜிஸ்டரில் எழுதினார். அடுத்த வருஷம் முதல் இவருக்கு இரண்டாம் வகுப்பு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் டீச்சருக்கு வந்த முதல் ரிமார்க்.

தலைமையாசிரியர் ரங்கசாமி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மூன்றாவது பெஞ்சில் வள்ளிக்கண்ணு என்று ஒரு பெண். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவோடு ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவள். அடுத்த கப்பலில் வருகிறேன் என்று அங்கேயே தங்கின அப்பா வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்று மார்கழியில் கடிதம்தான் வந்தது. அவள் அம்மா வந்து சொல்லி அழுதுவிட்டுப் போயிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டு, பர்மாவுல என்ன விளையும்னு எப்படிங்க சார் நடத்துறது?"

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவ முன்னாடியா?"

 எழுதின ரிமார்க்கைத் தலைமையாசிரியராலும் அழிக்க முடியாது.

பரீட்சையில் அந்தப் பாடத்திலிருந்து பத்து மார்க் கேள்வி வந்தது. வகுப்பே விட்டுவிட்டது. எப்போதும் முதலாவதாக வரும் ரோசரி மூன்றாவதாக வந்தாள். அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து, வாங்குகிற சம்பளத்துக்குப் பாடம் நடத்தத் தெரியாதா என்று வராந்தாவில் நின்று கத்தினாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். ஒரு பிள்ளையின் மனசு நோகாமல் காப்பாற்றினோமே, அது போதும் என்றிருந்தது அவருக்கு.

மே மாதம் வள்ளிக்கண்ணு டி.சி. வாங்க வந்தாள். அம்மாவுக்கு ஆந்திராவில் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்திருக்கிறதாம். இவளையும் அதே மில்லில் சேர்க்கப் போகிறார்களாம். இனிமேல் படிப்பு கிடையாது.

டீச்சர் எழுந்து கிட்டே வந்தார். அவள் தோளைத் தொட்டார்.

"பர்மா பாடத்தை நான் ஏன் எடுக்கலைன்னு உனக்குத் தெரியுமாம்மா? உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

வள்ளிக்கண்ணு தரையைப் பார்த்தபடியே சொன்னாள். 

"வீட்ல அப்பா பேச்சை எடுத்தாலே அம்மா அழுவாங்க டீச்சர். அதனால நான் எடுக்கறதே இல்ல. அந்தப் பாடம் வர்ற அன்னிக்காவது, வகுப்புல எழுந்து எங்கப்பாவைப் பத்தி நாலு வார்த்தை பேசிடலாம்னு காத்துக்கிட்டே இருந்தேன்."