பையில் வெள்ளைத் துணி

"பையில இருக்கிற வெள்ளைத் துணி யாருக்குன்னு நான் கேட்டேனா? கேட்கவே மாட்டேன். நான் பாட்டுக்கு யானை பார்த்துட்டு வர்றேன்."

வேனில் ஏறியதிலிருந்து சேங்தா இதைச் சொல்வது மூன்றாவது தடவை. பக்கத்தில் மருமகள் பிம்பா, மடியில் சோற்றுக் கூடையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

காலையில் பிம்பா குளிக்கப் போனபோது சேங்தா அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டாள். வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு. போன வருஷம் எதிர்வீட்டுக்காரியும் இப்படித்தான் போனாள். ஊரெல்லாம் சுற்றிக் காட்டினார்கள், கடைசியில் புத்தர் கோயிலில் தலை மழித்து, வெள்ளை உடுத்தி, துறவியாக விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது அவள் அறையில் பேரன் கிட்டார் வாசிக்கிறான்.

"வேன் வாடகைக்கு எடுத்து, எனக்கு மட்டும் தனியா சுற்றுலா. பதினெட்டு வருஷத்துல பஸ்ல கூட கூட்டிட்டுப் போகாத மருமகளுக்கு இன்னிக்கு என்ன பாசம்!"

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தேச்சா அதே தெருக்காரன். "பெரியம்மா, இந்த வாயா மழைக்காலத்துல ஆஸ்பத்திரியில சத்தமில்லாம கிடந்தது? நம்பவே முடியலை."

"கிடந்தப்போ தெருவே நிம்மதியா தூங்குச்சாம். நீதான் சொன்னியாமே."

தேச்சா அதற்கப்புறம் ரோட்டை மட்டும் பார்த்தான்.

யானைகள் ஆற்றங்கரையில் நின்றன. அதில் கிழட்டு யானை ஒன்று, காது ஓரமெல்லாம் கிழிந்து, சேங்தா நீட்டிய வாழைப்பழத்தை நிதானமாக வாங்கிக்கொண்டது. மரம் இழுத்த யானை, இப்போது சும்மா நிற்கிறது, சாகும்வரை இங்கேதான் என்றான் பாகன்.

"கேட்டுக்கோ மருமகளே. உழைச்ச யானைக்கு வயசானா, வேளாவேளைக்குப் பழம் குடுக்கறாங்க. மொட்டையடிச்சு யாரும் கோயில்ல விடலை."

"இன்னொரு பழம் குடுங்க அத்தை. உங்களையே பார்க்குது" என்றாள் பிம்பா.

"பார்க்காம என்ன செய்யும்? அதுக்காவது என் கஷ்டம் புரியுது."

மத்தியானம் அடிவாரத்துக் கோயில். பிம்பா சிலைக்குக் காணிக்கையாக ஒட்டும் தங்கத் தாள் வாங்கி, மண்டியிட்டு, புத்தர் சிலையின் வாயில் மட்டும் ஒட்டினாள். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து.

"ஊர்ல எல்லாரும் முழங்கால்ல ஒட்டறாங்க, நெஞ்சுல ஒட்டறாங்க. இவ புத்தர் வாயை அடைக்கறா" என்றாள் சேங்தா, பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம். "என் வாயில ஒட்ட முடியலைன்னு அவர்கிட்ட தீர்த்துக்கறா."

அந்தப் பெண் பாவம், எழுந்து வேறு சிலைக்குப் போய்விட்டாள்.

மலைப்பாதையின் வளைவில் நகரம் முழுக்கத் தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது. தேச்சா வண்டியை நிறுத்தினான். பிம்பா மாமியாரின் கையைப் பிடித்துக் கம்பி ஓரம் கூட்டிப்போனாள்.

"அதோ பாருங்க அத்தை, தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குப் பின்னால நம்ம வீடு."

"நல்லாப் பார்த்துக்கறேன். திரும்பப் பார்க்க வேணாமில்ல?" அவள் குரல் லேசாக உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "காற்று. இங்க காற்று அதிகம்."

பச்சை மிளகாய்த் துவையலும், கையில் ஒட்டும் பசையரிசிச் சோறும் அங்கேயே சாப்பிட்டார்கள். துவையலில் உப்பு போதாது என்று சொல்லிக்கொண்டே சேங்தா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மலைக்கோயிலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிம்பா வண்டியிலிருந்து அந்தப் பையை எடுத்தாள். சேங்தா அவள் முகத்தைப் பார்க்காமல், செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்தாள்.

"சரி, சண்டை போடலை. என் பிள்ளை மானோப், பெத்த தாயைக் கொண்டுவந்து விட அவன் வரலை பார்த்தியா, அவ்வளவு இளகின மனசுக்காரன். மாசத்துக்கு ஒரு தடவை வா. வரும்போது துவையல் கொண்டுவா. நீ அரைக்காதே, கடையில வாங்கு."

படிக்கட்டின் மேலிருந்து, தலை மழித்த வெள்ளுடை அம்மா ஒருத்தர் இறங்கி வந்தார். சேங்தா இரண்டு கையையும் குவித்தாள். அந்த அம்மா அவளைத் தாண்டிப் போய், பையை வாங்கிக்கொண்டார்.

"வா பிம்பா. உனக்குப் பாய் போட்டாச்சு. வேண்டுதலுக்கு வர்றவங்க முடி எடுக்க வேணாம், வெள்ளை உடுத்தினா போதும். இவங்கதான் மாமியாரா?"

சேங்தா மருமகளைப் பார்த்தாள்.

"ஒரு வாரம்தான் அத்தை" என்றாள் பிம்பா. "தேச்சா உங்களை வீட்டுல விட்டுடுவான். உங்க பிள்ளை சமைக்கறதைச் சாப்பிடணும், அதுதான் கஷ்டம். அதுக்கு முன்னால ஒரு நாளாவது நல்லா இருக்கட்டும்னுதான் இந்தச் சுற்றல். முன்னாடியே சொன்னா விட்டிருக்க மாட்டீங்க."

"என்ன வேண்டுதல்?"

"மழைக்காலத்துல நீங்க பேச்சில்லாம கிடந்தீங்களே, அப்போ வேண்டிக்கிட்டேன். உங்க வாய் திரும்பி வந்தா இங்க வந்து ஒரு வாரம் வெள்ளை உடுத்தறேன்னு."

சேங்தா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

இரண்டு படி ஏறிய பிம்பா திரும்பிப் பார்த்தாள். "என்ன அத்தை, மறுபடியும் போயிடுச்சா? தயவுசெஞ்சு ஏதாவது திட்டுங்க. இன்னொரு வாரமெல்லாம் என்னால முடியாது."