எதிர்ப்புகள்: பூஜ்யம்

ஐந்து மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

குழுவின் இணையப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தாள். எதிர்ப்புகள்: பூஜ்யம்.

பதினைந்து நாளுக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் திட்டம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். குழுவின் விதி அது; கெடு இன்று ஐந்து மணி. ஊருக்கு ஒருவராக முப்பத்தொரு பேர், சம்பளமில்லாமல் செய்யும் வேலை. கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொல்ல முடியாது. பேசாமல் இருந்தால் சம்மதம்.

பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். இனி அது எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஆண்டுக்கு ஒருமுறை அவள்தான் எழுதிப் போடுவாள். ஒன்பது ஆண்டும் ஏகமனதாக நிறைவேறியது. அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

இந்த முறை ஒரே வரி எழுதினாள்.

இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம்.

மூடுவதற்காக எழுதவில்லை. ஒருவராவது சண்டைக்கு வரமாட்டாரா என்றுதான். என்ன கிறுக்குத்தனம் இது என்று யாராவது திட்டினால் போதும். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அடுத்த ஆண்டுக்கு எழுத உட்கார்ந்துவிடுவாள்.

நான்கு முப்பத்தைந்துக்கு ஒரு பதில் வந்தது. உடனே திறந்தாள்.

மதிவாணன். அவளோடு சேர்ந்து இதைத் தொடங்கியவர்.

‘அருமையான திட்டம். வழக்கம்போல என் முழு ஆதரவு. வாழ்த்துகள்!’

படிக்கவே இல்லை, மனிதர்.

பழைய திட்டங்களைத் திறந்தாள். போன வருடம். அதற்கு முந்தைய வருடம். அதே மூன்று வாக்கியம். ஆச்சரியக்குறிகூட மாறவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது.

பிறகு ஒன்பது வருடத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஏகமனது என்றால் அவளுடைய ஒரு மனதுதானா?

அவளே எழுதியது, அவளே எதிர்க்க முடியாது. வேண்டுமானால் திரும்பப் பெறலாம். பெற்றால், அதையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். வீம்பு என்றாலும் சரி, அவள் பெறப் போவதில்லை.

நான்கு ஐம்பத்து மூன்றுக்குத் தொலைபேசி அடித்தது. தெரியாத எண்.

“அம்மா, பேரு சவரிமுத்துங்க. தேவகோட்டை. வெப்சைட்ல உங்க நம்பர் இருந்துச்சு. நிறுத்தப்போறதா போட்டிருக்கீங்களாமே? எனக்குக் கண்ணு தெரியாது, உங்க சாப்ட்வேரே வாசிச்சுச்சும்மா. நம்பாம மறுபடி வாசிக்க விட்டேன். நான் எதிர்ப்பு சொல்லலாங்களா?”

அவள் விதிகளின் பக்கத்தைத் திறந்தாள்.

சொல்லலாம். ஆனால் உறுப்பினராக இருக்க வேண்டும். மென்பொருளில் ஒரு பிழையையாவது சுட்டிக்காட்டியவர்தான் உறுப்பினர். சும்மா பெயரைச் சேர்த்து யாரும் வாக்கை நிரப்பிவிடக் கூடாதென்று அவளே போட்ட விதி.

ஒரு பிழை. ஒன்றே ஒன்று. பெயர் பதிய ஒரு நிமிடம், எதிர்ப்பு எழுத ஒரு நிமிடம்.

“எங்கயாவது தப்பா வாசிக்குதா, சொல்லுங்க.”

“இல்லம்மா. நல்லாத்தான் வாசிக்குது.”

“ஏதாவது ஒரு வார்த்தை? ஏதாவது ஊர்ப் பேரு?”

“எட்டு வருசமா கேக்குறேன். ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா.”

நான்கு ஐம்பத்தேழு.

ஒன்பது வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா யோசிச்சுப் பாருங்கய்யா. எங்கயாவது ஒரு தப்பு இருக்கும்,” என்று கெஞ்சினாள்.

அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.