கொள்ளுத்தாத்தா காத்த கோட்டை

கோட்டைச் சுவரில் நெற்றியை வைத்து நின்ற பத்மநாபனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. “இந்த இடத்துலதான் சம்பந்தி, எங்க கொள்ளுத்தாத்தா துப்பாக்கியோட நின்னது” என்றார்.

பக்கத்தில் நின்ற வாஞ்சிநாதன் சுவரை அண்ணாந்து பார்த்தார். நிச்சயதார்த்தத்தன்று, தன் முன்னோர் பாளையக்காரர் படையில் தளபதியாக இருந்தவர் என்று மண்டபமே கேட்க அவர் சொன்னதால் வந்த வினை இது. விடுவாரா பெண்ணைப் பெற்ற பத்மநாபன்? கல்கத்தாவுக்கு மாற்றலாகி மூன்று மாதம்கூட ஆகாத தைரியத்தில், தன் கொள்ளுத்தாத்தா அங்கே கோட்டையையே காத்த சுபேதார் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா சம்பந்தி? ஜபல்பூரில் வெகுகாலம் குப்பை கொட்டிய மனுஷர். கோட்டையைப் பார்த்த பிறகுதான் பத்திரிகை அடிப்பது என்று ரயிலேறி வந்துவிட்டார்.

ராணுவம் இருக்கும் பெரிய கோட்டையில், அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கல்யாணமே நின்றுபோகுமோ என்று பத்மநாபன் டாக்சி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வரும்போதுதான், காளிகாட் பக்கம் இந்தக் கோட்டை கண்ணில் பட்டது. வாசலில் ராணுவ அருங்காட்சியகம் என்று ஆங்கிலத்தில் பலகை வேறு. முன்னே பார்த்தது ஆபீஸ், ஒரிஜினல் கோட்டை இதுதான் என்று கூசாமல் சொல்லி வண்டியை நிறுத்தினார்.

உள்ளே பீரங்கி, வாள், சிவப்புக் கோட்டு மாட்டிய சிப்பாய் பொம்மைகள். டிக்கெட் கிடையாது, கேட்பாரும் கிடையாது. நம்மூராக இருந்தால் செருப்புக்குக்கூடக் காசு பிடுங்கியிருப்பான் என்று பத்மநாபன் சிலாகித்தார்.

“நெத்தியெல்லாம் செவப்பா ஒட்டியிருக்கே சம்பந்தி.”

“அந்தக் காலத்துச் செங்கல், உதிராம என்ன செய்யும்? எனக்குத் துடைக்க மனசு வரலை.”

இன்றைய கான்ட்ராக்டர்களால் இப்படி ஒரு சுவர் எழுப்ப முடியுமா என்று கேட்டு, அதை ஆசையாகத் தடவினார். வாஞ்சிநாதன் முகம் இளகியது. தை மாதமே முகூர்த்தம் பார்த்துவிடலாம் என்றார். பத்மநாபனுக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போது மூங்கில் ஏணியோடு நாலைந்து பேர் வந்து, சுவரை விட்டு நகரச் சொல்வதுபோல் இந்தியில் ஏதோ சொன்னார்கள். பத்மநாபனுக்கு இந்தி சுத்த சூனியம். வாஞ்சிநாதன்தான் நின்று கேட்டுவிட்டு, சம்பந்தியின் தோளைத் தொட்டார்.

“கொஞ்சம் தள்ளி வாங்க. துர்கா பூஜை முடிஞ்சிடுச்சாம், இந்தக் கோட்டைப் பந்தலைப் பிரிக்கணுமாம்.”